அரைமணி நேரம் போதும்



"இண்டைக்குப் போட் ஓடுமோ?"

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் விடியப்புறத்தில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. சோளகம் தொடங்கிவிட்டால் அதற்கு இன்னும் கனம் கூடும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் திகதி உள்ள அம்மம்மா, வளாகத்துக்குத் திரும்பவேண்டிய பிள்ளை, மீனை ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு அக்கரைக்கு அனுப்பக் காத்திருப்பவர் எல்லோருக்கும் தேவைப்படுவது ஒரே பதில்தான்.

அந்தப் பதில் எப்படிக் கிடைக்கிறது? இறங்குதுறையடியில் நிற்கும் சொந்தக்காரர் யாருக்காவது போன் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாண வீட்டு வீடியோக்களுக்கும் நடுவில் தேடவேண்டும். கண் மங்கிய அம்மம்மாவால் அது முடியுமா? அடுப்படியில் நிற்கும் மகளுக்கு அதற்கு நேரம் இருக்கிறதா? யாராவது வாயால் சொன்னால், வேலை செய்துகொண்டே கேட்டுவிடலாம்.

தீவுப்பகுதி இளைஞர்கள் சிலர் எங்களிடம் கேட்டிருந்தார்கள்: "இணைய வானொலி ஒன்று தொடங்க எவ்வளவு செலவாகும்?" இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்கே கொடுக்கிறேன். செலவைப் பற்றிச் சொல்வேன். ஆனால் அதைவிட முக்கியமாக, எதை ஒலிபரப்புவது என்பதைப் பற்றி உங்களோடு பேச ஆசை.

எங்கள் ஆட்களுக்கு வானொலி புதிதல்ல. கொழும்பில் வானொலி நிலையம் 1925 டிசம்பரில் தொடங்கிவிட்டது. பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் வீடுகளில் ஒரு குடும்ப உறுப்பினராகவே இருந்தது. மயில்வாகனனின் குரலும் கே. எஸ். ராஜாவின் குரலும் அப்துல் ஹமீதின் குரலும் பாக்குநீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தன. "பொங்கும் பூம்புனல்" கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள்.

ஆனால் பாட்டை எல்லாம் விட, வீட்டில் எல்லோரையும் வாய்மூடிக் கேட்கவைத்தது மரண அறிவித்தல்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய் என்று வாசிக்க வாசிக்க, ஒரு சனம் தன் உறவு வட்டத்தை மனத்துக்குள் சரிபார்த்துக்கொள்ளும். பெயர்கள் முடிவதற்குள் யார் எந்தப் படகில் போவது என்று வீட்டில் தீர்மானமாகிவிடும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை மறப்போமா? மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. அப்போதும் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஒருவர் மிதிக்க, சுற்றி இருந்தவர்கள் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். 1941இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோனபோது வருந்தியவர்கள் எங்களில் எத்தனை பேர்!

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம்.

எப்.எம். நிலையம் என்றால் அலைவரிசை வேண்டும், அனுமதிப்பத்திரம் வேண்டும், ஒலிபரப்புக் கோபுரம் வேண்டும். இலங்கையில் சமூக வானொலிக்கென்று ஒரு சிறு குழு எளிதாக அனுமதி எடுக்கக்கூடிய தனி வழி இல்லை. இணைய வானொலிக்கு அலைவரிசையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு பழைய மடிக்கணினி, யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு மைக், காதில் மாட்ட ஒரு ஹெட்போன், சத்தம் குறைந்த ஒரு அறை, இணைய இணைப்பு. இவ்வளவுதான் நிலையம்.

அறைக்கு விசேட பலகை எதுவும் வாங்கத் தேவையில்லை. சுவரில் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டாலே எதிரொலி அடங்கிவிடும். தீவில் உண்மையான எதிரி காற்று. யன்னல் இடுக்கால் நுழையும் காற்று மைக்கில் பட்டால் பேச்சே கேளாது. மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பியும் யன்னலுக்கு ஒரு துணித் திரையும் போட்டுவிடுங்கள்.

ஒலியை வெட்டி ஒட்ட ஒடாசிட்டி, நேரலை அனுப்ப பட் (BUTT), வானொலியை நடத்த ஐஸ்காஸ்ட், அசுராகாஸ்ட் போன்ற மென்பொருள்கள் எல்லாமே இலவசம். அவற்றை ஓடவிட வெளிநாட்டில் ஒரு சிறிய சேர்வரை வாடகைக்கு எடுக்க, மாதம் பத்து டாலருக்குள் முடியும். அந்தக் காசும் இல்லையென்றால் இலவசமாக இடம் தரும் சேவைகளும் உண்டு. அவை நடுவில் தங்கள் விளம்பரத்தைப் போடும், பரவாயில்லை, தொடங்குவதற்கு அது போதும்.

"எங்கட தீவில சிக்னலே ஒழுங்காக இல்லை, இதில வானொலியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீவிலிருந்து போகவேண்டியது ஒரே ஒரு பிரதிதான். ஆயிரம் பேர் கேட்டாலும் நீங்கள் அந்த ஒன்றைத்தான் வெளிநாட்டுச் சேர்வருக்கு அனுப்புகிறீர்கள். அதை ஆயிரமாகப் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. பேச்சு நிகழ்ச்சியை அனுப்ப நொடிக்கு 64 கிலோபிட் இருந்தால் போதும். ஒரு வீடியோ அழைப்புக்குப் பிடிப்பதைவிட இது மிகக் குறைவு.

கேட்கிற வீட்டுக்கு எவ்வளவு செலவாகும்? இதையும் பார்க்கத்தானே வேண்டும். 32 கிலோபிட் தரத்தில் பேச்சு தெளிவாகவே கேட்கும். அந்தத் தரத்தில் அரைமணி நேரத்துக்கு 7.2 எம்.பி. பிடிக்கும். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் கேட்டாலும் 216 எம்.பி.தான். நல்ல தரத்தில் ஓடும் ஒரேயொரு மணிநேர யூடியூப் வீடியோவே இதைவிடக் கூடுதலாக விழுங்கிவிடும். ரீலோட் போடுவதை நாளுக்கு நாள் கணக்குப் பார்க்கும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆகவே "தரம், தரம்" என்று 128 கிலோபிட்டில் அனுப்பாதீர்கள். அது உங்கள் காதுக்கு இனிக்கும், அம்மம்மாவின் டேட்டாவைத் தின்னும்.

அடுத்தது மின்சாரம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் தேசிய மின்கம்பி இல்லை, டீசல் ஜெனரேற்றர்தான் நெடுங்காலமாக ஒளி தந்துவந்தது. சூரிய சக்தியும் காற்றாலையும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்றை இந்த மூன்று தீவுகளிலும் இந்திய உதவியோடு அமைக்க 2024இல் ஒப்பந்தம் ஆனது. எப்படியானாலும் ஒரு சிறு சோலர் தகடும் பற்றறியும் வைத்திருந்தால், கரண்ட் போன நேரத்திலும் நிகழ்ச்சி நிற்காது. கரண்ட் போகும் நாளில்தானே சனத்துக்குச் செய்தி கூடுதலாகத் தேவைப்படும்?

சரி, இப்படியெல்லாம் எங்காவது நடந்திருக்கிறதா?

நெடுந்தீவுக்கு எதிர்க்கரையிலேயே நடந்திருக்கிறது. ராமேஸ்வரம் தீவில், பாம்பனில், மீனவர்களுக்காக "கடல் ஓசை" என்ற சமூக வானொலி 2016 ஆகஸ்டில் தொடங்கியது. 90.4 அலைவரிசை. கடலின் நிலை, காற்று, மீன், பாதுகாப்பு, மீனவப் பெண்களின் பாடு எல்லாம் அதில் வருகின்றன. பேசுபவர்கள் அதே கடற்கரை ஆட்கள். அவர்களுடைய கடலும் எங்களுடைய கடலும் ஒன்று. அக்கரைப் படகுகளின் இழுவைமடியால் எங்கள் தொழிலாளரின் வலைகள் அறுபடும் வேதனை பல வருடமாகத் தொடர்கிறது. இரண்டு கரையிலும் இரண்டு சின்ன வானொலிகள் இருந்து, இக்கரைத் தாய் ஒருத்தி தன் வீட்டுக் கஷ்டத்தை அக்கரைக்குத் தன் வாயாலேயே சொன்னால் எப்படி இருக்கும்? அதற்காக மட்டுமேனும் ஒரு வானொலி வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில் நடந்தது இன்னும் எளிது. 1998 அளவில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் நிலையங்களைத் திறந்தது. வீராம்பட்டினம் என்ற மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கடற்கரைக்கே கேட்கப் பண்ணினார்கள். மொத்த ஊருக்கும் ஒரு இணைய இணைப்பு, ஒரு குரல், சில ஒலிபெருக்கிகள்.

அதே பகுதியில் நல்லவாடு என்ற ஊர். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். ஊரார் தகவல் நிலையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, சனம் தப்பியது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, ஊரில் ஒரு மைக். எங்கள் தீவுகளின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வேறொரு முன்னுதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகவே தம்பி, தங்கைமாரே, உங்கள் இணைய வானொலியைப் போனோடு நிறுத்திவிடாதீர்கள். சனசமூக நிலையத்தில் ஒரு பழைய போனை அம்பிளிபயரோடு இணைத்து, காலை நிகழ்ச்சியைச் சந்திக்குக் கேட்கவிடுங்கள். ஒரு காலத்தில் வாசகசாலை வானொலியைச் சுற்றி ஊர் கூடியது. கோவிலும் தேவாலயமும் ஒலிபெருக்கி வைத்திருக்கின்றன, கேட்டால் தராமல் விடுவார்களா? அப்போது போனே இல்லாத வீட்டுக்கும் செய்தி போகும்.

இன்னொரு உதாரணம் எங்கள் நாட்டிலேயே உண்டு. மகாவலித் திட்டத்தோடு வந்த கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கியது. 1990களின் கடைசியில், யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணைய இணைப்பு வந்தது. கேட்பவர்கள் கடிதத்திலும் போனிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஊர் வைத்தியரையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையத்தில் பதிலைத் தேடி, ஒலிபரப்பிலேயே விளக்குவார். கணினியைத் தொட்டே இராத கமக்காரருக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் பலர் வந்து பார்த்துப் படித்துப்போன முறை இது. இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்பீர்கள். அஸ்வெசும நலன்புரி விண்ணப்பத்தைப் போனில் நிரப்பத் தெரியாமல் எத்தனை பேர் கிராம அலுவலர் அலுவலகத்தில் காத்து நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கொத்மலையின் முறைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விடயம். தயவுசெய்து 24 மணிநேர வானொலி தொடங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்கும் இணைய வானொலிகளில் பெரும்பாலானவை ஒரே வழியில்தான் போகின்றன. கணினியில் சினிமாப் பாட்டுகளை நிரப்பி ஓடவிடுவது, நடுவில் "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது" என்று பெயர் சொல்வது. சினிமாப் பாட்டைக் கேட்க யூடியூப் இருக்கிறது, எங்களைவிட நன்றாகவே தருகிறது. அதோடு அந்தப் பாட்டுகளுக்கு உரிமையாளர் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அனுமதி எடுக்காமல் பிறர் பாட்டைப் போட்டு வளர்த்த வானொலியை ஒரே முறைப்பாட்டில் மூடவைத்துவிடலாம்.

உங்களிடம் மட்டும் இருப்பது எது? அதைக் கொடுங்கள்.

காலை 6 மணிக்கு அரைமணி நேரம். இன்றைக்குப் படகு எத்தனை மணிக்கு, கடல் எப்படி, எந்த ஊருக்குத் தண்ணீர்ப் பவுசர் வருகிறது, வைத்தியசாலையில் இன்று என்ன கிளினிக், கூட்டுறவுக் கடையில் என்ன வந்திருக்கிறது, யார் வீட்டில் துக்கம். போயா விடுமுறையென்றால் நாகதீப விகாரை யாத்திரிகர்களால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெரிசல் இருக்கும், முன்கூட்டியே வாருங்கள் என்று ஒரு வார்த்தை. நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலமென்றால் விசேட படகு விவரம். கச்சதீவுத் திருவிழா நெருங்கினால் பதிவு விவரம். இவற்றைக் கொழும்பு வானொலி சொல்லாது, சென்னை வானொலிக்குத் தெரியாது.

படகுச் செய்தி மட்டும் இறங்குதுறையில் நேரில் விசாரித்தே சொல்லப்படவேண்டும். "கேள்விப்பட்டோம்" என்ற சொல்லுக்கு அந்த அரைமணி நேரத்தில் இடமே கொடுக்காதீர்கள். ஒரு தடவை பிழையாகச் சொல்லி, ஒரு கர்ப்பிணிப் பெண் வெயிலில் இறங்குதுறையில் காத்து நின்றுவிட்டுத் திரும்பினால், அந்த வீடு பிறகு உங்களை நம்பாது. இணையத்தில் சொல்வதற்கும் சட்டம் பொருந்தும், 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. கட்சிச் சண்டைக்கும் கோவில் நிர்வாகச் சண்டைக்கும் மைக்கைக் கொடுக்காதிருப்பது நல்லது. ஊரில் இரண்டு பக்கமும் கேட்கும் ஒரு குரல் இருப்பது அவ்வளவு அரிது.

காலை 6 மணி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த நேரம் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை, பனிக்காலத்தில் ஏழரை. வேலை முடிந்து வந்து சாப்பிட உட்காரும் நேரம். மெல்பேர்னில் அப்போது முற்பகல். இலண்டனும் சூரிச்சும் தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு இங்கே இரவு எட்டரைக்கு மறு ஒலிபரப்புப் போட்டால், அங்கே பின்னேரம். ஒரே அரைமணி நேரத்தை இரண்டு தடவை போட்டு உலகத்தைச் சுற்றிவிடலாம்!

புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் இன்று எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து போன சனத்தில் பெரும் பகுதி திரும்பி வரவில்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு ஊர் என்றால் கோவில் திருவிழா வீடியோதான். அவர்களுக்கு ஒரு சாதாரண நாளின் சத்தத்தைக் கொடுங்கள். இன்று கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பனங்காய்ப் பணியாரம் எந்த வீட்டில் சுட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. தொலைவில் இருப்பவருக்கு இதுதான் பசி.

அதோடு, வாரத்தில் ஒரு நாள் ஒரு வயோதிபரைப் பேசவையுங்கள். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளை எப்படிக் கட்டினார்கள், களங்கண்ணி எப்படிப் பாய்ச்சுவது, வாடைக்கும் கச்சானுக்கும் வலை எப்படி மாறும், கட்டாக் குதிரைகளைப் பற்றிய கதைகள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகுப் படுகொலையில் உறவுகளை இழந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேச விரும்பினால் அவர்கள் பேசட்டும், அவசரப்படுத்தாமல் கேளுங்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன்னில் பழைய மனிதர்களிடம் கேட்கவேண்டியவை ஏராளம். பதிவு செய்ததை அழிந்துபோக விடாதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தோடு தொடர்புகொண்டு ஒரு பிரதியைச் சேமிக்கக் கொடுங்கள்.

நேரலை தவறிவிட்டவர்களுக்கு அதே அரைமணி நேரத்தை ஒலிக்கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கடலுக்குப் போகிறவர் கரையில் இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் கேட்பார். காற்றுத் திடீரென மாறினால் பதிவால் உதவ முடியாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். உயிர் ஆபத்தான எச்சரிக்கைக்கு அரசின் அறிவித்தலையும் கடற்றொழிலாளர் சங்கத்தையும்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இப்போது உண்மையான செலவைச் சொல்கிறேன். மைக்குமல்ல, சேர்வருமல்ல. தினமும் விடிய நான்கரைக்கு எழும்பி, இறங்குதுறைக்கும் வைத்தியசாலைக்கும் போன் எடுத்து, எழுதி, ஆறு மணிக்கு மைக்கின் முன்னால் இருக்கும் ஆள்தான் செலவு. மழையென்றாலும், தன் வீட்டில் விசேடமென்றாலும் அவர் வரவேண்டும். முதல் மாத உற்சாகத்தில் பத்துப் பேர் வருவார்கள். ஆறாம் மாதம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? சும்மா செய்யச் சொன்னால் யாராலும் தொடர்ந்து செய்ய முடியாது. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு தீவிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோவில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் நீங்கள் கொடுத்ததை ஊர் மறக்கவில்லை. இந்த வேலைக்கு மட்டும் முதலில் இயந்திரம் வாங்கி அனுப்பாதீர்கள். ஸ்ரூடியோ திறப்புவிழாவும் வேண்டாம். இரண்டு பிள்ளைகளின் பன்னிரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே சங்கக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, பிறகு மைக் வாங்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் ஊரே கேட்டுச் சொல்லட்டும், தொடர்வதா வேண்டாமா என்று.

தொடங்கப்போகிற பிள்ளைகள் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் வானொலியின் பெயரையும் ஒலிபரப்பு நேரத்தையும் கேட்கும் வழியையும் எங்கள் இதழில் காசு வாங்காமல் ஒவ்வொரு மாதமும் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்